மூன்றாம் கிணறு

சுங்கை காடூட்டில் காலை ஏழே கால்.
துளைபோடும் இயந்திரம் கான்கிரீட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
குத்தகை முடிய நான்கு மாதம்.
திருப்பிக் கொடுக்கையில் நிலம்
வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டுமாம்.
வாங்கியபோது எப்படி இருந்தது என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

நான் எழுதுகிறேன்.
0.2 மீட்டர் வரை கான்கிரீட்.
1.9 வரை கொட்டி நிரப்பிய மண்; செங்கல் துண்டு,
பீங்கான் கரண்டியின் காம்பு ஒன்று,
சதுப்புநில மரவேரா பழைய கயிறா, தெரியவில்லை.
அதற்குக் கீழே கடல் களிமண்.
சாம்பல் நிறம், மிக மென்மை.
பெருவிரலால் அழுத்தினால்
ரேகையை அப்படியே வாங்கிக்கொள்கிறது
(இதற்குப் படிவத்தில் இடமில்லை).

வாடைக்கு இடமிருக்கிறது:
இல்லை, லேசு, மிதம், கடுமை.
நறுமுகை என்று பெயர் வைத்த பிள்ளைக்கு
இப்படி ஒரு வேலை.

ஷஹாதத்துக்குக் கருவி வேண்டாம்.
குழாயை மேலே இழுக்கும்போதே முகத்தைத் திருப்புவார்.
அவர் திருப்பினால் நான் முகமூடி மாட்டுவேன்.
அப்புறம்தான் என் கையிலுள்ள மஞ்சள் பெட்டி
எண்களைக் கூட்டத் தொடங்கும்.

இரண்டு அங்குல அகலக் கிணறுகள்.
குனிந்து பார்த்தால் ஒரு கண்கூட முழுதாகத் தெரியாது.
வாளி என்பது முழங்கை நீள பிளாஸ்டிக் குழல்.
இறைத்ததை யாரும் குடிப்பதில்லை,
செடிக்கும் விடுவதில்லை,
நீலப் பீப்பாயில் ஊற்றி மூடித் தேதி எழுதுகிறோம்.
கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை
எங்களிடம் தலைகீழ்.
பூதத்தைத் தேடித்தான் கிணறே வெட்டுகிறோம்.

மூன்று கிணறு வேண்டும்.
இரண்டை வைத்துக்கொண்டு
நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியாது.
முதலாவது, பீப்பாய்கள் அடுக்கியிருந்த மூலை.
திருமதி லாவ் சியூ எங் இருபத்திரண்டு வருடத்தில்
மூன்று முறை பச்சைப் பெயின்ட் அடித்த மூலை.
இரண்டாவது, வடிகால் ஓரம்.
மூன்றாவது, வேலிப் பக்கம்.
நீர் அங்கிருந்துதான் வரும், சுத்தமாக இருக்கும் என்று
வரைபடத்தில் முன்கூட்டியே
சின்னதாக ஒரு 'சரி' போட்டிருந்தேன்.

மூன்றாவதில்தான் இருந்தது.
இனிப்பான வாடை. கடுமை.
முதல் கிணற்றில் லேசு, அதுவும் சந்தேகம்.

திருமதி லாவ் வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தார்.
லாலாங் புல். பெயர்ப்பலகை இருந்த சுவரில் நான்கு போல்ட்.
அந்த நிறுவனம் கலைந்து ஆறு வருடம்.
"அப்படியென்றால் எங்களுடையது இல்லை!"
சிரித்தார். இரண்டு வாரம் தூங்காத சிரிப்பு.
ஷஹாதத்துக்கும் எனக்கும் கோப்பி வாங்கிவரச் சொன்னார்.

நீர் அங்கிருந்து இங்கே வருகிறது, அது சரி.
மூன்று எண்களும் சொல்கின்றன.
ஆனால் இது தண்ணீரைவிடக் கனமான சரக்கு.
தண்ணீர் போகிற வழிக்குப் போகாது.
மூழ்கிப் போய்க் களிமண்மேல் உட்கார்ந்து
களிமண் சரிகிற பக்கம் நகரும்.
களிமண் எந்தப் பக்கம் சரிகிறது என்று
நான் இன்னும் தோண்டவில்லை.

இதைச் சொன்னேன்.
கோப்பிப் பையின் ரஃபியா கயிற்றை
விரல் சிவக்கச் சுற்றினார்.
"இன்னும் எத்தனை துளை?"
"ஆறு."
"ஒன்று எவ்வளவு?"
சொன்னேன்.
பச்சைத் தரையைக் காலணி நுனியால் ஒருமுறை தேய்த்துவிட்டு
உள்ளே போனார்.

பிற்பகல், இருபத்தொரு குப்பிகள்.
ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்;
பட்டாணி அளவு காற்றுக்குமிழ் இருந்தாலும் செல்லாது.
பனிப்பெட்டியை முன்னிருக்கையில் வைத்து
இருக்கைப் பட்டி போட்டேன்.
உட்லண்ட்ஸ் சாலைச் சிவப்பு விளக்கில்
குப்பிகள் ஒன்றையொன்று லேசாக இடித்துக்கொண்டன.

கிணற்றுப் பூட்டின் சாவி என் சட்டைப்பையில்.
இரவு இரண்டு மணிக்கு நீரிணையில் அலையேற்றம்.
பூட்டுக்குக் கீழே நீர் நான்கு சென்டிமீட்டர் ஏறி
விடிவதற்குள் இறங்கிவிடும்.

படிவத்தில், கொடுப்பவர் என்ற இடத்தில்
என் பெயர் எழுதியாயிற்று.
வாங்குபவர் என்ற இடம்
இன்னும் காலி.